புரை ஆபரேஷன்: எந்த லென்ஸ், எதற்குச் செலவு

பரிசோதனை முடிந்து, கண்ணில் விட்ட மருந்தால் எல்லாமே மங்கலாகத் தெரிந்துகொண்டிருக்கும் நேரத்தில்தான், புரையை எடுத்துவிட்டுக் கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ்களின் அட்டவணை கைக்கு வரும். மேலே விலை குறைந்தது, கீழே போகப்போக விலை கூடியது. எழுத்தைப் படிக்கவே முடியாத நிலையில் இருப்பவரிடம் பத்து நிமிடத்தில் முடிவு கேட்பார்கள். கூட வந்தவர்கள் "இருக்கறதிலேயே நல்லதா வச்சுடுங்க" என்பார்கள். அக்கறையில் சொல்வதுதான், ஆனால் லென்ஸ் விஷயத்தில் அந்தப் பேச்சு உதவாது. விலை கூடக்கூடப் பார்வை கூர்மையாகும் என்று எந்த நியதியும் இல்லை. பல தூரங்களைக் காட்டும் லென்ஸ், ஒரே தூரத்தைக் காட்டும் லென்ஸைவிட அந்த ஒரு தூரத்தில் சற்றுக் குறைவான தெளிவையே தரும். விலை வித்தியாசம் பெரும்பாலும் கண்ணாடி போடாமல் எத்தனை தூரங்களைப் பார்க்கலாம் என்பதற்குத்தான்.

அதனால் அட்டவணையை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள். சாதாரணப் புரைக்குச் சில வாரம் யோசிப்பதால் கெடுதல் ஒன்றும் இல்லை. புரை முற்றி ஊதிப்போய்க் கண்ணில் அழுத்தம் ஏறுவது, வலியும் சிவப்பும் வருவது போன்றவை விதிவிலக்கு. அப்போது தள்ளிப்போடக் கூடாது.

முதல் வேலை: இன்ச் டேப்

இளவயதில் கண்ணுக்குள் இருக்கும் இயற்கை லென்ஸ் தன் வடிவத்தை மாற்றிக்கொண்டு, தூரத்துக்கும் பக்கத்துக்கும் ஈடுகொடுக்கும். நாற்பதைத் தாண்டியதும் அந்த நெகிழ்வு குறைவதால்தான் வெள்ளெழுத்து வருகிறது. புரையை எடுத்துவிட்டு வைக்கும் சாதாரண லென்ஸுக்கு அந்த நெகிழ்வு கிடையாது. ஒரே பவர், ஒரே தூரம். அந்தத் தூரம் எது என்பதை ஆபரேஷனுக்கு முன்பே தீர்மானித்தாக வேண்டும்.

கணக்கு சுலபம். ஆபரேஷனுக்குப் பிறகு கண்ணில் மிச்சம் விடப்போகும் மைனஸ் பவரால் நூறை வகுத்தால், கண்ணாடி இல்லாமல் எந்தத் தூரம் தெளிவாகத் தெரியும் என்பது சென்டிமீட்டரில் வந்துவிடும். மைனஸ் 1 என்றால் 100 செ.மீ. மைனஸ் 1.5 என்றால் சுமார் 66. மைனஸ் 2.5 என்றால் 40. மிச்சம் பூஜ்யம் என்றால் தொலைவு தெளிவாகத் தெரியும், பக்கத்துக்குக் கண்ணாடி வேண்டும்.

இப்போது டேப்பை எடுத்து, வழக்கமாக உட்காரும் நிலையில் ஒருவரை அளக்கச் சொல்லுங்கள். கண்ணிலிருந்து புத்தகம், போன், கணினித் திரை, தையல் மெஷின் ஊசி, வேலை மேசை, வண்டியின் முன்பலகை, தொலைக்காட்சி ஒவ்வொன்றும் எவ்வளவு தூரம்? படிப்பது பொதுவாக 35 முதல் 40 செ.மீ., கணினி 60 முதல் 70. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம், அதற்குக் கண்ணாடி போடுவது உறுத்துமா உறுத்தாதா என்று எழுதிக்கொள்ளுங்கள். இந்த அரைப் பக்கத் தாள்தான் மருத்துவரிடம் காட்ட வேண்டிய முக்கியமான காகிதம். எந்தத் தூரத்தைக் குறிவைப்பது என்பது லென்ஸ் தேர்வில் பாதி முடிவு, அதற்கு ஒரு காசும் கூடுதலாக ஆகாது.

காலம் முழுக்க மைனஸ் பவர் கண்ணாடி போட்டவர்கள் இந்த இடத்தில் நிதானிக்க வேண்டும். இரவில் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் படுக்கையில் புத்தகத்தைக் கண்ணருகே பிடித்துப் படிக்கும் பழக்கம் அவர்களில் பலருக்கு உண்டு. "தூரம் நல்லாத் தெரியணும்" என்று சொல்லி மிச்சத்தைப் பூஜ்யமாக்கிவிட்டால், அந்த வசதி மறுநாள் காலையே போய்விடும். பக்க விளைவு என்று யாரும் எழுதித் தராத இழப்பு இது. மைனஸ் 2 அல்லது 2.5 மிச்சம் விடச் சொல்லி, வெளியே போகும்போது கண்ணாடி போட்டுக்கொள்வது அவர்களில் சிலருக்கு மிகப் பொருத்தம். பிளஸ் பவர்க்காரர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. எது வைத்தாலும் முன்பைவிட மேல் என்று தோன்றும்.

அளவுத் தாளில் என்ன இருக்கிறது

லென்ஸ் எந்த வகை என்றாலும், பவர் தவறினால் எல்லாம் வீண். விலை கூடிய லென்ஸுக்கு இது இன்னும் கறாராகப் பொருந்தும். பவரைத் தீர்மானிக்க இரண்டு அளவு முக்கியம்: கண்ணின் நீளம், கருவிழியின் வளைவு. நீள அளவில் 1 மி.மீ. பிழை வந்தால் கண்ணாடிப் பவரில் இரண்டரை முதல் மூன்று வரை தப்பும். வளைவில் 1 பவர் தப்பினால் முடிவிலும் ஏறக்குறைய 1 தப்பும்.

ஒரு தாளை எடுத்துக்கொள்வோம். நீளம் 23.45 மி.மீ. வளைவு ஒரு திசையில் 43.50, மற்றத் திசையில் 44.75. இரண்டுக்கும் உள்ள வித்தியாசமான 1.25தான் கருவிழியின் சிலிண்டர் பவர், அதாவது எல்லாத் திசையிலும் வளைவு ஒரேபோல் இல்லாததால் வரும் பவர். கீழே லென்ஸ் பவர் ஒரு வரிசையிலும், அதை வைத்தால் மிச்சமாகும் பவர் அதற்கு எதிரிலும் அச்சாகியிருக்கும்: 20.5 என்றால் பிளஸ் 0.21, 21.0 என்றால் மைனஸ் 0.14, 21.5 என்றால் மைனஸ் 0.50, 23.0 என்றால் மைனஸ் 1.59. தூரப் பார்வை வேண்டுமென்றால் 21.0. பிளஸில் நிற்கும் லென்ஸை அறுவை மருத்துவர்கள் பொதுவாகத் தேர்ந்தெடுப்பதில்லை, பிளஸில் தூரமும் பக்கமும் இரண்டுமே மங்கும். கணினித் தூரம் வேண்டுமென்றால் 23.0. இரண்டும் ஒரே லென்ஸ்தான், பவர் மட்டும் வேறு. விலையும் அதேதான்.

தாளில் கவனிக்க வேண்டிய சில விஷயங்கள். இரு கண்ணின் நீளமும் 0.3 மி.மீ.க்கு மேல் வித்தியாசப்பட்டால், காரணம் தெரியாவிட்டால், மறுபடி அளக்கச் சொல்வது நியாயம். வளைவு 1 பவருக்கு மேல் வித்தியாசப்பட்டாலும் அப்படித்தான். ஒளியால் அளக்கும் கருவி பெரும்பாலான கண்களுக்குச் சரியாக வேலை செய்யும். புரை மிக முற்றியிருந்தால் ஒளி உள்ளே போகாது, அல்ட்ராசவுண்ட் தேவைப்படும். அந்த அல்ட்ராசவுண்டிலும் கருவியின் முனையைக் கருவிழியில் நேரடியாக வைத்து அழுத்தினால் கண் குட்டையாகப் பதிவாகும். பிறகு எதிர்பாராத மைனஸ் பவர் மிச்சமாகும். திரவக் கிண்ணம் வைத்து, முனை தொடாமல் அளக்கும் முறை மேல்.

அளவு தப்புவதற்கு நோயாளியின் பக்கமும் காரணம் உண்டு. மென்மையான கான்டாக்ட் லென்ஸ் போடுபவர்கள் அளவெடுப்பதற்கு ஒன்றிரண்டு வாரம் முன்பே நிறுத்த வேண்டும். கடினமான வகை என்றால் குறைந்தது மூன்று, நான்கு வாரம். கண் உலர்வு இருந்தால் கருவிழி அளவு ஒரு தடவைக்கு ஒரு தடவை மாறும். முதலில் உலர்வைச் சரிசெய்துவிட்டு அளக்க வேண்டும். அளவெடுக்கும் அன்று காலையில் கண்ணின் அழுத்தம் பார்த்துவிட்டு, மருந்தெல்லாம் விட்ட பிறகு கருவிழியை அளப்பதும் பிழைக்கு வழி. கண்ணாடியை ஒழிக்க முன்பு லேசர் செய்துகொண்டவர்கள் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும், இருபது வருடம் ஆகியிருந்தாலும். சாதாரணச் சூத்திரம் அந்தக் கண்ணில் தவறும், தனிச் சூத்திரம் வேண்டும். பழைய ரிப்போர்ட் கிடைத்தால் கொண்டுபோங்கள்.

எல்லாம் சரியாக இருந்தாலும், பத்துக் கண்களில் ஏழெட்டுதான் எதிர்பார்த்த பவருக்கு அரைப் பவர் இப்படி அப்படிக்குள் வரும். "கண்ணாடியே தேவைப்படாது" என்று யாராவது உத்தரவாதம் கொடுத்தால், இந்தக் கணக்கை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

லென்ஸ் வகைகள்

மோனோஃபோகல்: ஒரே தூரம். உலகத்தில் அதிகம் வைக்கப்படுவது இதுதான். இரவில் கூசல் குறைவு, மங்கிய வெளிச்சத்திலும் ஒளி-நிழல் வேறுபாடு நன்றாகத் தெரியும், விழித்திரையில் நோய் இருந்தாலும் பாதகம் இல்லை. மட்டமான லென்ஸ் என்ற எண்ணம் வேண்டாம்.

மேம்படுத்திய மோனோஃபோகல்: தூரத்தோடு முன்பலகை, மேசை அளவிலான தூரத்திலும் கொஞ்சம் தெளிவு கூடும். படிக்கக் கண்ணாடி வேண்டும். ஒளிவளையத் தொல்லை சாதாரண லென்ஸுக்கு அருகில்தான். கொடுக்கும் கூடுதல் பணத்துக்கு ஏமாற்றம் குறைவான வகை என்று இதைச் சொல்லலாம்.

ஈடாஃப்: தெளிவாகத் தெரியும் எல்லையை நீட்டித் தருவது. தூரம், கணினி வரை வசதி. போன் எழுத்துக்குத் திணறும். சிறு எழுத்துக்குக் கண்ணாடி உண்டு.

டிரைஃபோகல்: உள்ளே வரும் ஒளியைத் தூரம், நடுத்தூரம், பக்கம் என்று பங்கிட்டுக் கொடுக்கும். பங்கு போடப்பட்ட ஒளி என்பதால் ஒளி-நிழல் வேறுபாடு தெரிவது கொஞ்சம் குறையும். இரவில் எதிரே வரும் வண்டி விளக்கைச் சுற்றி வளையங்கள் தெரியும். பெரும்பாலானவர்களுக்கு மூன்று முதல் ஆறு மாதத்தில் மூளை பழகிக்கொள்ளும். சிலருக்குப் பழகாது. கண்ணாடி போடவே கூடாது என்ற ஆசை தீவிரமாக இருந்து, கண் மற்றபடி ஆரோக்கியமாக இருந்து, இந்த வளையங்களைப் பொறுத்துக்கொள்ளும் சுபாவமும் இருந்தால்தான் இது பொருந்தும். ஒரு சின்னக் கறை தெரிந்தாலும் தூக்கம் வராத சுபாவக்காரர் என்றால், எவ்வளவு வசதி இருந்தாலும் யோசிக்க வேண்டும்.

டோரிக்: மேலே சொன்ன எல்லா வகைகளிலும் சிலிண்டர் பவரைச் சரிசெய்யும் பதிப்பு.

யாருக்கு டிரைஃபோகல் வேண்டவே வேண்டாம்? விழித்திரையின் மையத்தில் நோய் இருப்பவர்கள், சர்க்கரையால் விழித்திரை பாதித்தவர்கள், க்ளாக்கோமா என்ற கண் அழுத்த நோய் முற்றியவர்கள், கருவிழி கூம்பாகிச் சீரற்றுப்போனவர்கள், கடுமையான கண் உலர்வு உள்ளவர்கள். இரவில் அதிகம் வண்டி ஓட்டுவதே தொழில் என்றாலும் விலகியிருப்பது நல்லது. புரையின் மங்கலுக்குப் பின்னால் விழித்திரை நோய் ஒளிந்திருக்கலாம் என்பதால், விலை கூடிய லென்ஸுக்கு ஒத்துக்கொள்வதற்கு முன் விழித்திரையைப் படம்பிடிக்கும் ஓ.சி.டி. ஸ்கேன் எடுத்தார்களா என்று கேளுங்கள். எடுக்காமல் டிரைஃபோகல் சிபாரிசு செய்தால் அந்த இடத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

டோரிக்: கூடுதல் பணம் கணக்காகப் பலன் தரும் இடம்

கருவிழியில் சிலிண்டர் பவர் 1 அல்லது அதற்கு மேல் இருந்தால் டோரிக்கைப் பேசலாம். ஆனால் முடிவு செய்யப் பழைய கண்ணாடியின் சிலிண்டர் பவரைப் பார்க்கக் கூடாது. அதில் புரையாகிப்போன லென்ஸின் பங்கும் கலந்திருக்கும், அந்த லென்ஸ்தான் வெளியே போகப்போகிறதே. கருவிழி அளவை மட்டும் பார்க்க வேண்டும்.

டோரிக் லென்ஸைச் சரியான கோணத்தில் வைக்க வேண்டும். 1 டிகிரி விலகினால் சிலிண்டர் திருத்தத்தில் சுமார் 3.3 சதவீதம் போய்விடும். 10 டிகிரியில் மூன்றில் ஒரு பங்கு. 30 டிகிரி திரும்பினால் முழுப் பலனும் போச்சு. அதற்கு மேலும் திரும்பினால் முன்பைவிட மோசம். படுத்ததும் கண் சில டிகிரி சுழலும் என்பதால், நோயாளி நேராக உட்கார்ந்திருக்கும்போதே கருவிழி ஓரத்தில் மையால் குறி போடுவார்கள், அல்லது கருவி படம் எடுத்து ஒப்பிடும். உங்களை உட்காரவைத்துக் குறியிட்டார்களா, எந்த முறை என்று கேட்டுத் தெரிந்துகொள்வதில் தப்பில்லை. லென்ஸ் சுழன்றால் பெரும்பாலும் முதல் சில மணி நேரத்திலோ முதல் சில நாளிலோ சுழலும். பிறகு, லென்ஸ் உட்கார்ந்திருக்கும் கண்ணின் இயற்கைப் பை சுருங்கிப் பிடித்துக்கொள்ளும். முதல் பரிசோதனையில் கோணத்தை அளந்து, தேவையானால் ஒன்றிரண்டு வாரத்துக்குள் திருப்பி வைப்பது சுலபம். அந்தத் திருப்பலுக்குத் தனிக் கட்டணம் உண்டா என்பதை முன்பே எழுதி வாங்குங்கள்.

டோரிக் வைக்காமல் 1.25 சிலிண்டரை விட்டுவிட்டால் பார்வை போய்விடாது. தூரத்துக்கும் கண்ணாடி தேவைப்படும், அவ்வளவுதான். எப்படியும் கண்ணாடி போடத் தயார் என்பவர் அந்தப் பணத்தை மிச்சம் பிடிக்கலாம். டிரைஃபோகலோடு சிலிண்டரைத் திருத்தாமல் விடுவதுதான் கெட்ட பேரம்.

மோனோஃபோகல் விலையில் அரைக் கண்ணாடி விடுதலை

ஒரு கண்ணைத் தூரத்துக்கும் மற்றதை மைனஸ் 0.75 முதல் 1.5 வரைக்கும் வைத்தால், இரண்டும் சேர்ந்து தூரம், கணினி, ஓரளவு போன் வரை சமாளிக்கும். இரண்டும் சாதாரண லென்ஸ்தான். பவர் தேர்வு மட்டும் வேறு. வழக்கமாக முதன்மைக் கண்ணைத் தூரத்துக்கு வைப்பார்கள். எது முதன்மைக் கண் என்று பார்க்க, இரு கைகளாலும் ஒரு சின்ன ஓட்டை அமைத்து, எட்டத்தில் உள்ள பொருளை இரு கண்ணாலும் அதன் வழியாகப் பாருங்கள். ஒவ்வொரு கண்ணாக மூடுங்கள். எந்தக் கண்ணை மூடினால் பொருள் மறைகிறதோ அதுதான்.

வித்தியாசம் கூடக்கூடச் சிலருக்குத் தலைசுற்றலும் படி இறங்கும்போது ஆழம் புரியாமையும் வரும். புரை அதிகம் முற்றாமல் இருந்தால், கான்டாக்ட் லென்ஸ் போட்டு ஒரு வாரம் சோதித்துவிடலாம். முடியாவிட்டால் முதல் கண்ணைத் தூரத்துக்கு முடித்துவிட்டு, இரண்டாவது கண்ணின் குறியை அதைப் பொறுத்து வைப்பது பாதுகாப்பு. கையில் இருக்கும் பணம் ஒரு கண்ணுக்கு மட்டும் டிரைஃபோகல் என்றால், அதைவிட இரு கண்ணிலும் மோனோஃபோகலை இப்படி வைத்துக்கொள்வது பெரும்பாலும் நிம்மதி தரும்.

எதற்குப் பணம் தேவையில்லை, எதற்குத் தேவை

பெம்டோ லேசர் முதலாவது. புரையை வெட்டும் சில கட்டங்களைக் கத்திக்குப் பதிலாக லேசர் செய்யும். புரையை உறிஞ்சி எடுப்பது அப்போதும் ஃபேக்கோ கருவிதான், அதாவது ஒலியதிர்வால் புரையை உடைத்து உறிஞ்சும் வழக்கமான கருவி. பிரிட்டனிலும் பிரான்ஸிலும் நடந்து 2020-ல் வெளியான இரண்டு பெரிய சோதனைகளில், லேசர் முறை வழக்கமான ஃபேக்கோவைவிட மேலான பார்வை தரவில்லை, கூடுதல் செலவை நியாயப்படுத்தவும் இல்லை. சில சிக்கலான கண்களில் மருத்துவர் குறிப்பாகக் காரணம் சொல்லிக் கேட்டால் அது வேறு கதை. "கத்தியே இல்லை" என்பதை மட்டும் காரணமாகக் காட்டினால் மறுத்துவிடலாம்.

மஞ்சள் நிற லென்ஸ் நீல ஒளியைத் தடுத்து விழித்திரையைக் காக்கும் என்பதற்கு வலுவான ஆதாரம் இல்லை. இருந்தால் தீங்கில்லை, அதற்கென்று தனியாகக் கொடுக்க வேண்டாம். "விலை கூடின லென்ஸ் நிறைய வருஷம் உழைக்குமா" என்ற கேள்விக்கும் பதில் "இல்லை" என்பதுதான். 1949 நவம்பரில் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் ஹரோல்ட் ரிட்லி முதல் செயற்கை லென்ஸை வைத்தார். போர் விமானிகளின் கண்ணில் தெறித்த அக்ரிலிக் சில்லுகள் கண்ணை உறுத்தாமல் கிடந்ததைப் பார்த்துத்தான் அதே பொருளை எடுத்தார். அப்போதிருந்தே லென்ஸ் ஆயுள் முழுக்க இருக்கும் பொருள். காலாவதிக் கணக்கு பெட்டியைத் திறப்பதற்கு முன்புதான்.

மடிக்கும் லென்ஸுக்கு 2.2 முதல் 2.8 மி.மீ. வரை வெட்டு போதும். மடியாத லென்ஸுக்கு 5.5 முதல் 6 மி.மீ. மடிக்கும் லென்ஸ் சீக்கிரம் ஆறும், வெட்டால் வரும் சிலிண்டர் குறைவு. இதற்குக் கொடுப்பது சரியான செலவு. ஆனால் புரை கல்போல இறுகிப் பழுப்பாகிவிட்டால், கையால் எடுக்கும் தையலில்லா முறை நல்ல மருத்துவர் கையில் ஃபேக்கோவுக்குச் சளைத்ததல்ல, செலவும் குறைவு. அதைப் பழைய முறை என்று தள்ள வேண்டாம்.

லென்ஸ் எதனால் ஆனது என்பதில் கொஞ்சம் கவனம் தேவை. தண்ணீரை ஈர்க்காத அக்ரிலிக், ஓரம் சதுரமாக வெட்டப்பட்டது என்றால், பின்னால் லென்ஸ் பை மங்குவது குறையும். தண்ணீரை ஈர்க்கும் அக்ரிலிக் விலை குறைவு, பெரும்பாலானவர்களுக்குப் போதும். ஆனால் பிற்காலத்தில் கருவிழி மாற்று சிகிச்சையோ விழித்திரை ஆபரேஷனோ செய்து கண்ணுக்குள் காற்று அல்லது வாயு செலுத்த நேர்ந்தால், அந்த லென்ஸில் சுண்ணாம்பு படிந்து மங்கும் ஆபத்து உண்டு. கருவிழியின் உள்செல்கள் குறைவு என்று ரிப்போர்ட்டில் இருந்தால், சர்க்கரை விழித்திரையைத் தொட்டிருந்தால், முதல் வகையைக் கேளுங்கள்.

மதிப்பீட்டுத் தாளை வாங்கும் விதம்

"மொத்தம் எவ்வளவு" என்று கேட்டால் ஓர் எண் வரும், அதில் எது அடங்கும் என்பது வராது. எழுத்தில் கேளுங்கள்: இது ஒரு கண்ணுக்கா, இரண்டுக்கா? லென்ஸின் கம்பெனி, மாடல் பெயர் என்ன? ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, இதயப் பரிசோதனை, மயக்க மருத்துவர், வரி, சொட்டு மருந்து, எத்தனை மறுபரிசோதனை சேர்ந்தது? பை மங்கினால் செய்யும் யாக் லேசர் உள்ளே வருமா, வந்தால் எத்தனை வருடம் வரை? டிரைஃபோகல் வைத்துப் பவர் மிச்சமானால், திருத்தும் லேசர் யார் செலவு?

பலரும் கேட்க மறக்கும் ஒரு கேள்வி இருக்கிறது. ஆபரேஷன் நடுவில் லென்ஸ் பையின் பின்சுவர் கிழிந்தால், டிரைஃபோகலையோ டோரிக்கையோ வைக்க முடியாமல் சாதாரண லென்ஸை வேறு இடத்தில் பொருத்த வேண்டிவரலாம். நல்ல மருத்துவர் கையிலும் நூற்றில் ஒன்றிரண்டு நடக்கும். அப்படி நடந்தால் விலை வித்தியாசம் திரும்பக் கிடைக்குமா? புரைத் துண்டு உள்ளே விழுந்தால் விழித்திரை மருத்துவர் அங்கேயே இருக்கிறாரா, அந்த இரண்டாவது ஆபரேஷனின் செலவு யாருடையது? இதற்கு முகம் சுளிக்காமல் பதில் சொல்லும் இடம் நல்ல இடம்.

இரு கண்ணுக்கும் சேர்த்தே பட்ஜெட் போடுங்கள். முன்பு பெரிய மைனஸ் பவர் இருந்தவர் ஒரு கண்ணை மட்டும் முடித்தால், இரு கண்ணுக்கும் நடுவே 3 பவருக்கு மேல் வித்தியாசம் வந்து கண்ணாடியால் ஈடுகட்ட முடியாது; இரட்டையாகத் தெரியும். இரண்டாவது கண்ணுக்குப் பணம் புரட்டும் வரை அப்படியே தவிக்க வேண்டும். கூட்டிப்பார்க்கும்போது பிறகு வாங்கப்போகும் கண்ணாடியையும், டிரைஃபோகலில் அந்தக் கண்ணாடி மிச்சமாவதையும் பத்து வருடத்துக்கு எழுதிப் பாருங்கள். சிலருக்கு லென்ஸ் ஜெயிக்கும், பலருக்குக் கண்ணாடி ஜெயிக்கும்.

காப்பீடு இருந்தால் நான்கைச் சரிபாருங்கள்: புரைக்குக் காத்திருப்புக் காலம் முடிந்ததா, ஒரு கண்ணுக்கு உச்சவரம்பு எவ்வளவு, அன்றே வீட்டுக்குப் போகும் ஆபரேஷனை ஏற்கிறார்களா, லென்ஸ் வித்தியாசத்தை நோயாளி கட்டலாமா. பெரும்பாலான காப்பீடுகள் மோனோஃபோகல் அளவுக்குக் கொடுத்து நிறுத்திக்கொள்ளும். உச்சவரம்பு வருடத்துக்கு இத்தனை என்றால், மருத்துவர் சம்மதித்தால் இரண்டாவது கண்ணைப் புதுப்பித்த பிறகு வைத்துக்கொள்ளலாம். பில்லில் லென்ஸ் தனி வரியாக இருக்க வேண்டும், லென்ஸ் ஸ்டிக்கர் ஒட்டிய தாள் இணைய வேண்டும். இவை இல்லாமல் திரும்பி வரும் கோரிக்கைகள் ஏராளம்.

ஆபரேஷனை ஒட்டி

புராஸ்டேட் வீக்கத்துக்கு டாம்சுலோசின் சாப்பிடுபவர்கள், எப்போதோ சாப்பிட்டு நிறுத்தியவர்களும், அதைச் சொல்லியே ஆக வேண்டும். ஆபரேஷன் நடுவில் கண்பாப்பா சுருங்கி, அதைச் சுற்றியுள்ள நிறத்திரை துவண்டு சிக்கல் வரும். தெரிந்திருந்தால் மருத்துவர் தயாராக இருப்பார். மாத்திரையை நீங்களாக நிறுத்துவதால் இந்த ஆபத்து நீங்காது. ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரையையும் தன்னிச்சையாக நிறுத்தக் கூடாது. சொட்டு மருந்தால் மரக்கவைத்துச் செய்யும் ஃபேக்கோவுக்கு அதை நிறுத்தத் தேவை பெரும்பாலும் இருப்பதில்லை.

ஆபரேஷன் முடிவில் கண்ணுக்குள் ஆன்டிபயாடிக் செலுத்துவார்களா என்று கேளுங்கள். உள்தொற்றை அது வெகுவாகக் குறைப்பதை 2007-ல் வெளியான ஐரோப்பியச் சோதனை காட்டியது. செலவு சொற்பம், லென்ஸ் தரத்தைவிட இது முக்கியம்.

முதல் வாரத்தில் வலி குறையாமல் கூடினால், சிவப்பு ஏறினால், தெளிந்த பார்வை மறுபடி மங்கினால் அன்றே போக வேண்டும், மறுநாள் அல்ல. மின்னல் போல ஒளி, திடீரென்று நிறையப் புள்ளிகள், ஓரத்தில் திரை விழுந்தாற்போல் தெரிவது விழித்திரை பிரிவதன் அறிகுறி. மைனஸ் பவர் அதிகம் இருந்தவர்கள் பல மாதம் கழித்தும் இதில் கவனமாக இருக்க வேண்டும். புதுக் கண்ணாடிக்கு நான்கு முதல் ஆறு வாரம் பொறுங்கள். இரண்டாவது வாரத்திலேயே விலை கூடிய கண்ணாடி போட்டுவிட்டு, ஒரு மாதத்தில் பவர் மாறியதும் மறுபடி செலவு செய்பவர்கள் நிறையப் பேர்.

டிரைஃபோகல் வைத்த பிறகு திருப்தி இல்லையென்றால் வரிசையாகப் பாருங்கள். மிச்சப் பவர் அரைக்கு மேல் இருக்கிறதா, கண் உலர்ந்திருக்கிறதா, விழித்திரையின் மையம் வீங்கியிருக்கிறதா? பெரும்பாலும் இம்மூன்றில் ஒன்று கிடைக்கும். எதுவும் இல்லாமல், முதல் நாளிலிருந்தே ஒளிவளையமும் மங்கலும் தாங்க முடியவில்லை என்றால் லென்ஸை மாற்றுவது பற்றிப் பேச்சு வரும். அந்த முடிவு எடுக்கும் வரை யாக் லேசர் வேண்டாம் என்று நிற்க வேண்டும். லேசர் பையின் பின்சுவரில் ஓட்டை போட்டுவிடும். அதன்பிறகு லென்ஸை எடுத்து மாற்றுவது கடினமாகி ஆபத்தும் கூடிவிடும். மாற்றும் மருத்துவருக்கு முதலில் தேவைப்படுவது மாடல் பெயர், பவர், வரிசை எண் அச்சாகியிருக்கும் அந்தச் சின்ன ஸ்டிக்கர். ஆபரேஷன் அன்றே அதன் படம் உங்கள் போனிலும் வீட்டில் இன்னொருவர் போனிலும் இருக்கட்டும்.